மாப்பிள்ளையும் பெரு நாட்டு அரசியல் சட்டமும்

நான் கனடாவுக்குப் போனது ஒரு எந்திரத்தைப் பார்க்க. திருச்சியில் நான் வேலை பார்க்கும் வால்வு கம்பெனி வாங்கவிருந்த சோதனை எந்திரம் அது. டொராண்டோவுக்குக் கிழக்கே ஒஷாவா என்ற ஊரில் மூன்று வாரம் அதன் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு. தொண்ணூற்றேழாம் வருடம், ஏப்ரல் மாதம். செய்தி வெளியான அன்று சாயங்காலமே என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பரமேஸ்வரி அம்மா ஒரு தட்டு நிறையப் பயத்தம்பணியாரத்துடன் இறங்கி வந்துவிட்டார். தட்டை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். நான்கு வருடத்தில் அவர் மூடிக் கொண்டுவந்த முதல் தட்டு அது. விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

பரமேஸ்வரி அம்மாவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குத் தப்பித் திருச்சிக்கு வந்தது. ஒரே மகள் வதனி, வயது முப்பத்தொன்று, பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் பாடம் நடத்துகிறாள். டொராண்டோவில் இருக்கும் சிவநேசன் என்பவருக்கு அவளைப் பேசி முடித்து இரண்டு வருடமாகிறது. வதனி கனடா போகவேண்டும் என்றால் முதலில் கல்யாணம் நடக்க வேண்டும். கல்யாணம் நடக்க மாப்பிள்ளை வர வேண்டும். இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் ‘கொஞ்சம் பொறுங்கோ’ என்று கடிதம் வந்தது. இரண்டாம் தடவை நான் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தேன். ஆகவே அந்த மாப்பிள்ளை மேல் எனக்கும் சொந்தமாக ஒரு கோபம் இருந்தது.

அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்குமோ என்பது அம்மாவின் சந்தேகம். துப்புத் துலக்கும் முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். “குசினியில எத்தினை கோப்பை கிடக்கெண்டு வடிவாப் பாருங்கோ” என்றார். அவர்கள் குசினி என்பது சமையலறையை, கோப்பை என்பது சாப்பாட்டுத் தட்டை. வதனி மாடிப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டைப் பூட்டப் போனபோது, “எத்தினை கோப்பை எண்டது எனக்கு வேண்டாம் ஐயா. ஆள் வாறாரோ இல்லையோ எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ” என்றாள். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. அலுப்பு இருந்தது. எனக்குப் பணியாரம் இறங்கவில்லை.

ஒஷாவாவில் முதல் வாரம் எந்திரத்தோடும் குளிரோடும் போயிற்று. ஏப்ரல் என்றால் நமக்குக் கத்திரி வெயில் வாசலில் நிற்கும் மாதம். அங்கே பனி ஓரமாக ஒதுங்கிக் கறுத்துப் போய்க் கிடந்தது. காப்பியைக் கைகழுவும் அளவுக்குத் தருகிறார்கள். பால், சர்க்கரை எல்லாம் நாமே கலந்துகொள்ள வேண்டும். கலந்து கலந்து கடைசியில் அது ஆறிப்போகும். டோனட் என்று ஒன்று தந்தார்கள். மெதுவடைக்கு மிளகு போட மறந்து அதை மறைக்கச் சர்க்கரையைப் பூசியது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் எனக்கு அது பிடித்துப்போனது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை சிவநேசனைப் பார்க்கக் கிளம்பினேன். தொலைபேசியில் வழியை நான்கு முறை சொல்லியிருந்தார்: ரயில், பிறகு ஒரு பஸ், வோபர்னில் இறங்க வேண்டியது. ரயில் ஒழுங்காகப் போனது. பஸ்ஸில்தான் வினை. காசைப் பெட்டியில் போட்டுவிட்டு, நடத்துநர் வருவார், ஊர் பெயர் சொல்லலாம் என்று பின்னால் போய் உட்கார்ந்தேன். நடத்துநர் என்று ஒரு பிறவியே அந்த ஊரில் கிடையாதாம். ஜன்னலோரம் ஒரு மஞ்சள் கயிறு போனது. கைப்பிடி என்று நினைத்துப் பிடித்தேன். மணி அடித்து பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. திருப்பத்தில் சாய்ந்தபோது மறுபடி பிடித்தேன். மறுபடி நின்றது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். நானும் யார் அந்த ஆள் என்று தேடுவது போல் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை, பக்கத்திலிருந்த சீனத்துப் பெண்மணி என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் கயிற்றைத் தொடவே இல்லை. வோபர்ன் வந்தது, கயிற்றை இழுத்தால்தான் நிற்கும் என்று அப்போதுதான் புரிந்தது, ஆனால் அந்தப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நிறுத்தம் வரை மரியாதையாக உட்கார்ந்து போனேன். அது நகரத்தின் வடக்கு எல்லையிலுள்ள மில்லிக்கன்.

இறங்கிய இடத்தில் வரிசையாகக் கடைகள். அதில் ஒன்று தமிழ்க் கடை. முருங்கைக்காயைப் பார்த்ததும் உயிர் வந்தது. கல்லாவில் இருந்தவரிடம் தலைவர் சிவநேசனைத் தெரியுமா என்று கேட்டேன். சங்கத் தலைவர் என்று பரமேஸ்வரி அம்மா பெருமையாகச் சொல்லியிருந்தது நினைவில் இருந்தது. ‘தலைவர்’ என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அரிசி மூட்டையருகே நின்ற ஒருவர் திரும்பினார். மீன் பெட்டியருகே நின்ற இன்னொருவரும் திரும்பினார். “எந்தத் தலைவர், அண்ணை? இஞ்ச நிக்கிற ரெண்டு பேரும் தலைவர்மார்தான்” என்றார் கடைக்காரர். ஊருக்கு ஒரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம், அது உடைந்தால் உடைந்ததற்கு ஒன்று. சிவநேசன் பிறந்த ஊரான மாவிலங்கடியின் சங்கம் என்று விளக்கியதும் அவரே தொலைபேசியைச் சுழற்றினார்.

கால் மணியில் ஒரு பழைய கார் வந்து நின்றது. சிவநேசனுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். மெலிந்த ஆள். கார்களுக்கு இருக்கை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. ஆனாலும் சனிக்கிழமை காலை கழுத்தில் டை கட்டியிருந்தார். என்னை வரவேற்கத்தான் கட்டினாராம். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார்: பஸ்ஸுக்காக, குளிருக்காக, ஏப்ரல் மாதத்துக்காக. கோபப்படுவதற்கென்றே வந்தவனுக்கு இப்படிப்பட்ட ஆள் பெரிய தொந்தரவு.

வோபர்னில் எட்டாவது மாடியில் அவருடைய அபார்ட்மெண்ட். உள்ளே நுழைந்ததும் தண்ணீர் கேட்கும் சாக்கில் சமையலறைக்குப் போய் எண்ணினேன். பன்னிரண்டு தட்டு. குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பல்துலக்கி, ஒரு சீப்பு. பன்னிரண்டு தட்டும் ஒரு சீப்பும் எப்படிப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய்ப்பாலில் வைத்த மஞ்சள் நிறச் சொதி. எல்லாம் அவரே சமைத்தது. ஒரு வார ரொட்டிக்குப் பிறகு அந்தச் சொதியைப் பார்த்தபோது, இரண்டு குடும்பமே இருந்தாலும் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்றாவது முறை புட்டு வைத்தபோது நேராகவே கேட்டேன். தட்டுக்கு விளக்கம் சுலபமாக வந்தது. சங்கத்தின் செயற்குழுவில் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். கூட்டம் இந்த வீட்டில்தான். கூட்டம் என்றால் சாப்பாடு. கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டதும் அவர் கையைக் கழுவிவிட்டு, டையைச் சரி செய்துகொண்டு, உள்ளே போய் ஒரு நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

“அண்ணை, நான் இப்ப பிரசிடென்ற். பிரசிடென்ற் செயற்குழுவின்ர அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. வெளிக்கிட்டால் பதவி காலி. உதிலயே எழுதிக் கிடக்கு, நூற்றிப் பதின்மூண்டாம் பிரிவு.”

அது சங்கத்தின் சட்டப் புத்தகம். யாப்பு என்கிறார்கள். வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் முதல் பிரிவின் எண் தொண்ணூறு. முந்தைய எண்பத்தொன்பது பிரிவு எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் மனித உரிமையும் பொருளாதாரமும், எங்களுக்குத் தேவைப்படவில்லை, அதனால் விட்டுவிட்டோம் என்றார். எதிலிருந்து விட்டீர்கள் என்று கேட்டேன். பெரு நாட்டு அரசியல் சட்டத்திலிருந்து என்றார், பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலை பறித்ததைச் சொல்வது போல.

பெரு என்பது தென் அமெரிக்காவில் இருக்கிறது. எங்கள் காலனியிலும் ஒரு நலச்சங்கம் உண்டு. அதற்குச் சட்டம் கிடையாது. தண்ணீர் மோட்டார் அறைச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் தலைவர். ஆகவே அன்று பிற்பகல் முழுவதும் நான் அந்தப் புத்தகத்தைப் பொறாமையுடன் வாசித்தேன். தேசத்தின் உருவமே ஜனாதிபதி என்று பெருவில் இருக்கிறது. இங்கே ஊரின் உருவமே தலைவர். அங்கே பெருவில் பிறந்தவராக, முப்பத்தைந்து வயது தாண்டியவராக இருக்க வேண்டும். இங்கே மாவிலங்கடியில் பிறந்தவராக, அதே முப்பத்தைந்து. அங்கே உள்ளது போலவே இங்கும் இரண்டு உபதலைவர்கள்.

அதிகாரங்களின் பட்டியல் மூன்று பக்கம். வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்பது, விருதுகள் வழங்குவது, தண்டனை பெற்றவர்களை மன்னிப்பது, பாராளுமன்றத்தின் சம்மதத்துடன் போர் தொடுப்பது. பாராளுமன்றம் என்று வந்த இடத்திலெல்லாம் செயற்குழு என்று மாற்றியிருந்தார்கள். போரை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். பெரு நாட்டவர் வேறொரு நாட்டுப் படையில் சேர ஜனாதிபதியின் அனுமதி வேண்டும்; அந்தப் பிரிவின்படிதான் மாவிலங்கடிக்காரர் எவரும் வேறு சங்கத்து நாடகத்தில் நடிப்பதானால் சிவநேசனிடம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். பதவியில் இருக்கும்வரை தேசத் துரோகம் மாதிரி சில பெரிய குற்றங்களுக்கு மட்டும்தான் அவர் மேல் குற்றம் சாட்டலாம். அதனால் கலைவிழாவில் மைக் வேலை செய்யாததற்கு அவரை ஒருவரும் கேட்க முடியவில்லை. அதேசமயம் அமைச்சர் ஒருவர் கூடவே கையெழுத்துப் போடாவிட்டால் ஜனாதிபதி செய்த எதுவும் செல்லாது. போன விழாவுக்கு அவர் தனியாகச் சொல்லி வைத்த வடைகள், பொருளாளர் கையெழுத்து இல்லாததால், கடையிலேயே கிடந்தனவாம்.

எங்கள் நாட்டு ஜனாதிபதியை நினைத்துக்கொண்டேன். பெரிய மாளிகை, நல்ல தோட்டம், நீட்டிய இடத்தில் கையெழுத்து. அவரை யாரும் போகாதே என்று தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரவு அங்கேயே தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை சிவநேசன் என்னை ஒரு டோனட் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடன் வேலை செய்யும் ஒஸ்கார் என்பவரைச் சந்தித்தேன். ஒஸ்கார் பெரு நாட்டுக்காரர். குட்டையான, எப்போதும் சிரிக்கிற மனிதர். தன் நாட்டுச் சட்டம் ஒரு தமிழ் ஊர்ச் சங்கத்தில் அமலில் இருப்பதில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம். “எங்கள் நாட்டில் அதை யாரும் இவ்வளவு கவனமாக வாசிப்பதில்லை” என்றார் ஆங்கிலத்தில். இன்னொன்றும் சொன்னார்: “எங்களிடம் அந்தப் பிரிவுக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு ஜனாதிபதி, போர் நடக்கும்போதே கப்பலேறி ஐரோப்பா போய்விட்டார். உங்களில் யார் ஓடிப்போய்விடுவார் என்று பயம்?” சிவநேசன் டோனட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நான் மட்டும் யாப்பை எழுதிய வேலாயுதத்தைப் பார்க்கப் போனேன். மில்லிக்கனில் ஒரு வீட்டின் நிலவறையில் குடியிருந்தார். ஐம்பது வயது. ஊரில் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இங்கே வேனில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறார். சங்கத்தின் முதலாம் உபதலைவரும் அவர்தான். கயிற்றைச் சரியான இடத்தில் இழுத்து இறங்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பெருவை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் வெகு நிதானமாக விளக்கினார். பள்ளிக்கூட மண்டபத்தைக் கலைவிழாவுக்குத் தருகிறவர்கள் யாப்பு வேண்டும் என்றார்கள். இலங்கையின் யாப்பு கையில் இருந்தது. ஆனால் அதிலுள்ள ஜனாதிபதியிடமிருந்து தப்பித்தானே எல்லோரும் இங்கே வந்தோம் என்று கூட்டம் கூச்சல் போட்டது. இந்தியாவினுடையது ஒரு ஆளால் தூக்க முடியாது. கனடாவில் ராணி இருக்கிறார்; ராணிக்கு எங்கே போவது? பிரிட்டனில் யாப்பை எழுதியே வைக்கவில்லை. நூலகத்தில் அளவாக, புதியதாக, யாருக்கும் பகையில்லாததாக இருந்தது பெருவினுடையது. “அந்த நாட்டோட எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, பாருங்கோ” என்றார்.

சிவநேசனுக்கு ஏன் அனுமதி தரவில்லை என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன். வெள்ளையடித்த கோபம் மிச்சம் இருந்தது. வேலாயுதம் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“அவர் இன்னும் கேக்கேல்லையே, ஐயா. ஒரு கடிதமும் வரேல்லை.”

திரும்பும்போது சிவநேசன் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும், “ஏன் தம்பி, ரெண்டு வருஷமா நீங்க கேட்கவே இல்லையாமே?” என்றேன். அவர் ஸ்டீயரிங்கை விடவில்லை.

“கேட்டால் போக விட்டிடுவினம், அண்ணை. அதுதான் கேக்கேல்லை.”

பிறகு மெதுவாகச் சொன்னார். செயற்குழுவின் பன்னிரண்டு பேரும் அகதிகளாக வந்தவர்கள். நிரந்தரமாகத் தங்கும் பத்திரம் இன்னும் அவருக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. மற்ற பதினொரு பேரும் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. வேலாயுதத்தின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறார்கள், எட்டு வருடமாகிறது, சின்னவளை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. “அந்த மனிசனுக்கு முன்னால நிண்டு, நான் கலியாணம் கட்டப் போறன், விடுங்கோ எண்டு என்ன வாயால கேக்கிறது?” என்றார். எனக்கு அவர் மேலிருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஆனால் மாடிப்படியில் நின்ற வதனியும் நினைவுக்கு வந்தாள். அவளிடம் இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது என்பது என் கவலை. நீங்கள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

வாரத்தின் நடுவில் டெலிபோன் கார்டு வாங்கித் திருச்சிக்குப் பேசினேன். பரமேஸ்வரி அம்மா எடுத்த எடுப்பில் கோப்பைக் கணக்கைத்தான் கேட்டார். பன்னிரண்டு என்றேன். விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. அன்று ஒஷாவாவில் எந்தக் கடையிலும் வேறு கார்டு கிடைக்கவில்லை. அடுத்த நாள் பேசியபோது, அவர் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்ததாக வதனி சொன்னாள். ஆள் வருகிறாரா என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை தெரியும் என்று நானாகச் சொன்னேன்.

சனிக்கிழமை செயற்குழு இந்த முறை வீட்டில் இல்லாமல் சிவநேசனின் கட்டடத்திலேயே கீழ்த்தளத்து விருந்தறையில் கூடியது. பலூன் ஒட்டிய தடயங்கள் சுவரில் இருந்தன. மேசையில் மட்டன் றோல், பற்றீஸ், பிளேன் டீ. உறுப்பினரல்லாதவர் கூட்டத்தில் பேசக்கூடாது என்று எடுத்த எடுப்பிலேயே ஒருவர் ஆட்சேபித்தார். அரை மணி நேரம் அதிலேயே போனது. கடைசியில் வேலாயுதம் புத்தகத்தைப் பார்த்து, வெளிநாட்டுத் தூதரை வரவேற்கத் தலைவருக்கு அதிகாரம் இருக்கிறது, இவரைத் தூதராக எடுத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். தூதர் என்றால் நியமனப் பத்திரம் வேண்டும் என்றார் ஆட்சேபித்தவர். வேறு வழியில்லாமல் நானே ஒஷாவா விடுதியின் தாளில், திருச்சி மாடி வீட்டுக் குடும்பம் சார்பாக வந்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சிவநேசன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பொருளாளரும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். இல்லாவிட்டால் நான் செல்லாதவனாகிவிடுவேன்.

வால்வு பற்றியல்லாமல் வேறு எதைப் பற்றியும் நான் கூட்டத்தில் பேசியதில்லை. என் வீட்டு மாடியில் ஒரு பெண் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள், உங்கள் தலைவருக்கு நீங்கள் அனுமதி கொடுக்க வேண்டும், கேட்க அவருக்கு வெட்கமாக இருக்கிறது, ஏன் வெட்கம் என்று உங்களுக்கே தெரியும் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு பேரும் றோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் குனிந்த தலையை எடுக்கவில்லை.

ஒருவர் யாப்பிலிருந்து அந்தப் பிரிவையே தூக்கிவிடலாம் என்றார். அதற்குத்தான் வேலாயுதம் எழுந்தார்.

“உந்தப் பிரிவை அண்டைக்கும் வெட்டச் சொன்னவை. நான்தான் விட்டு வைச்சனான். அந்த நேரம் எங்களில ஒருத்தரிட்டையும் பேப்பர் இல்லை. ஊரில ஆர் செத்தாலும் போகேலாது, ஆருக்குப் பிள்ளை பிறந்தாலும் போகேலாது. கனடா விடேல்லை எண்டு சொல்லுறதைவிட எங்கட யாப்பு விடேல்லை எண்டு சொல்ல எனக்கு ஒரு ஆறுதலாக் கிடந்தது.” ஒரு வாய் டீ குடித்தார். “அனுமதி கேட்டு அலைஞ்ச ஆக்கள் நாங்கள். இண்டைக்குத்தான் முதன்முதலா அனுமதி குடுக்கிற இடத்தில இருக்கிறம். அதை ஏன் தூக்குவான்? வடிவா எழுதிக் குடுப்பம்.”

றோலில் காரம் அதிகம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவருக்கும் காரம்தான் போல, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அனுமதி ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த நிமிடமே சண்டை தொடங்கியது. எத்தனை நாள் என்பதில். அனுமதித்த காலத்துக்குள் ஜனாதிபதி நாடு திரும்பாவிட்டாலும் பதவி போய்விடும் என்று அதே பிரிவில் இருக்கிறது; ஆகவே நாளைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். பதினான்கு போதும் என்றது ஒரு கட்சி. கல்யாணம் முடிந்து கொடைக்கானல் போகாமல் வந்தால் ஊருக்கு மரியாதையா என்றது மறு கட்சி. கொடைக்கானலில் குளிரும், குளிரைப் பார்க்கக் கனடாவிலிருந்து ஒருவன் அங்கே போக வேண்டுமா என்று பொருளாளர் கேட்டது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. இருபத்தொரு நாள் என்று முடிவாயிற்று. அவர் திரும்பும்வரை வேலாயுதம் பொறுப்புத் தலைவர்.

பிறகு ஒவ்வொருவராக முகவரி எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்கு அம்மா சென்னையில், ஒருவருக்கு அக்கா மண்டபம் அகதி முகாமில், ஒருவருக்குத் தம்பி திருச்சியிலேயே என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. தலைவர் போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறார்கள் என்று வந்து சொல்ல வேண்டும். கல்யாணம் அரசுமுறைப் பயணமாகிவிட்டது. சிவநேசன் எல்லாத் துண்டுகளையும் டைக்குப் பின்னாலிருந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேலாயுதம் மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. சிவநேசனும் அகதியாக வந்தவர்தான்; பத்திரம் இருந்தாலும், தப்பி வந்த நாட்டுக்குள் கொழும்புவரை திரும்பிப் போக முடியாது. வேலாயுதம் பேப்பர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். போய்க் கூடச் சேர்ந்து தட்டுகளை அடுக்கினேன்.

மூன்றாவது வாரம் எந்திரம் எனக்குப் பழகிவிட்டது, அல்லது நான் அதற்குப் பழகிவிட்டேன். ஊருக்குத் திரும்பிய அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் மாடிக்குப் போனேன். ஆனி மாதத்தில் நாள் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பரமேஸ்வரி அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். வதனி நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பெரு நாட்டில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்: ஊரின் உருவமே அவர், மன்னிக்கவும் போர் தொடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு, வடை மட்டும் தனியாக வாங்க முடியாது. கூட்டம் தவறாமல் பதினொரு பேருக்குப் புட்டு அவிக்கிறார் என்பதையும் சொன்னேன். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

கடைசியாக, எல்லாம் நன்மைக்கே என்ற பாவனையில் நிபந்தனையையும் விளக்கினேன். அனுமதி இருபத்தொரு நாள்தான். ஒரு நாள் கூடினாலும், ஓட்டெடுப்பு ஒன்றும் தேவையில்லாமல், தலைவர் பதவி தானாகவே போய்விடும். ஆகவே தாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு என்றேன்.

“ஒரே ஒரு நாள் பிந்தினாலும் போயிடுமோ?”

“போய்விடும்.”

வதனி சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

“அப்ப இருபத்திரண்டாம் நாளைக்குத் திரும்பிற ரிக்கெற் போடச் சொல்லுங்கோ.”